அரியநாயகத்தின் இரண்டு மணிக்கூடுகள்

அரியநாயகம் தேத்தண்ணிக் கோப்பையை வாயில் வைத்ததும் அறைக்குள் இருந்த கொம்பியூட்டர் 'பீப்' என்று கத்தியது.

"தொடங்கீட்டுது," என்றாள் மனைவி கமலாதேவி, வெங்காயம் உரித்தபடியே.

அவன் கோப்பையை அம்மிக்கு மேல் வைத்துவிட்டுக் குசினியிலிருந்து ஓடினான். திரையில் ஓர் ஆங்கில வரி சிமிட்டிக்கொண்டிருந்தது. அதை எழுதிவைத்தவனும் அவன்தான். 'மணிக்கூட்டை நம்ப வேண்டாம்' என்பது அதன் பொருள்.

"திரும்பவும் ஒண்டரை மணித்தியாலம் முன்னுக்குப் பாய்ஞ்சிட்டுது, கமலா."

"அப்ப ஒண்டரை மணித்தியாலம் மிச்சம்தானே. வந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ."

எண்பத்தாறாம் ஆண்டு வேலணைத் தீவில் கொம்பியூட்டர் இருந்த வீடு அது ஒன்றுதான். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்திறங்கியபோது அரியநாயகத்திடம் உடுத்த உடுப்பும் எஞ்சினியர் மூளையும் மட்டுமே மிஞ்சியிருந்தன. லண்டனில் இருந்த தமையன் துண்டு துண்டாக அனுப்பிய பாகங்களைப் பூட்டி, மனைவியின் சீதன வீட்டில் இந்த மெசினுக்கு உயிர் கொடுத்திருந்தான். அதை இயக்கும் கேர்னலையும் தானே எழுதினான். கேர்னல் என்றால் மெசினுக்குள் நடக்கும் அத்தனை அலுவல்களையும் நடுவில் நின்று மேய்க்கும் பகுதி.

அந்தக் கேர்னலைப் பார்ப்பதற்காகக் கம்பசிலிருந்து பேராசிரியர் வைத்திலிங்கம் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துப்போனால் உதவி விரிவுரையாளர் வேலை. மூன்று வருடமாக மாமியார் வீட்டுச் சோறு சாப்பிடும் மனிதனுக்கு வேலை என்பது சம்பளம் மட்டுமல்ல. வங்களாவடிச் சந்தியில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடக்கலாம் என்பதும் அதில் அடக்கம்.

பேராசிரியருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. தன் மணிக்கூடு கெட்டுப்போனால் அதைத் தானே கண்டுபிடிக்கத் தெரியாத மெசினை அவர் மெசின் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார். ஆகவே அரியநாயகம் தன் கேர்னலுக்கு அந்த வித்தையைத்தான் கற்றுக்கொடுத்திருந்தான். மெசினுக்குள் இரண்டு மணிக்கூடுகள். ஒன்று கேர்னலே துடிப்புகளை எண்ணி எண்ணி ஓட்டுவது. திரையில் தெரியும் நேரம் அதுதான். சுவர் மணிக்கூட்டின் முள்ளைத் திருப்புவதுபோல விசைப்பலகையில் தட்டி அதை மாற்றவும் முடியும். மற்றது சிறிய பற்றறியில் தனியே ஓடுவது. சில நிமிடத்துக்கு ஒருமுறை கேர்னல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் கத்தும்.

கத்தும் வித்தையை அது நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் கத்தும், இன்னொரு நாள் மத்தியானம், இன்னொரு நாள் பொழுதுபடும் நேரத்தில். அதைவிடக் கொடுமை, முன்னுக்குப் பாய்ந்த மணிக்கூடு கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வந்து நல்ல பிள்ளையாக ஓடும். கெட்டதைத் திருத்தலாம். தானாகத் திருந்துவதை என்ன செய்வது?

"ஆராவது மெசின்ரை மூடியைத் திறந்தனீங்களோ?" என்று கேட்டான்.

"நாங்கள் ஏன் திறக்கிறம்? திருப்புளி உங்கட சேட்டுப் பொக்கற்றுக்கைதானே கிடக்குது," என்றாள் கமலாதேவி.

மாமியார் செல்லாச்சியிடம் அவன் கேட்கவில்லை. அந்த வீட்டு முறைப்படி மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை இருவரும் கமலாதேவியின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். சின்ன வகுப்புகளுக்கு ஆங்கிலம் படிப்பித்துப் பென்சன் எடுத்த செல்லாச்சி, மருமகன் மண்டையைப் போட்டு உடைப்பதைப் பார்த்து உருகி, வேளை கெட்ட வேளையிலெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, அவரை வந்து குடிக்கச் சொல்லு. ஆறப்போகுது."

குற்றவாளி உப்புக்காற்றுத்தான் என்று அரியநாயகம் முதலில் முடிவு கட்டினான். யன்னலை அறைந்து மூடி, இடுக்குகளில் பழைய சாரத் துணியைத் திணித்து, மெசினைப் பொலித்தீனால் போர்த்தினான். உப்பு போனதோ இல்லையோ, மெசினுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பொலித்தீன் மூலையில் இளகி ஒட்டிக்கொண்டது. காய்ச்சலுக்கு மேசை விசிறியைப் பூட்டினான். விசிறி சுழன்றதும் வீட்டு லைற்றெல்லாம் மங்கி, திரை நடுங்கத் தொடங்கியது.

"ஆ, கரண்டிலைதான் பிழை," என்று சந்தோஷப்பட்டான்.

நாரந்தனையில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் யாகப்பு அவனுக்குப் பழக்கம். வள்ளத்து லைற்றுக்கு வைத்திருந்த பெரிய பற்றறியை அவரிடம் இரவல் கேட்டான். யாகப்பு அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். இறக்கிய பிறகு திரும்பிப் போகவில்லை.

"பற்றறி இல்லாமல் தொழிலுக்குப் போக ஏலாது, தம்பி. அது இஞ்சை நிக்கிறமட்டும் நானும் இஞ்சைதான்," என்று விறாந்தையில் கதிரையைப் போட்டு அமர்ந்துவிட்டார்.

பற்றறி விறாந்தையில், வயர் அறைக்குள். தட்டுமுட்டுப் பெட்டியொன்றை நடுவில் வைத்து மெசினுக்கு ஏற்ற கரண்டாக மாற்றினான். செல்லாச்சி யாகப்புவுக்கும் குசினியில் தேத்தண்ணி வைத்தார். இரண்டு ஆண்களும் குடித்துக்கொண்டிருக்கையில் 'பீப்' என்று கேட்டது. அரியநாயகம் எழும்பிய வேகத்தில் வயரில் கால் தடக்க, பற்றறி சரிந்து அசிட் கொட்டியது. யாகப்புவின் ஞாயிற்றுப் பூசைக்குப் போட்டுக்கொண்டு போகும் சேட்டில் ஆறேழு ஓட்டைகள் விழுந்தன.

"காற்று வரும், பறுவாயில்லை," என்றார் யாகப்பு. பிறகு கொஞ்சம் யோசித்தார். "தம்பி, ரெண்டு மணிக்கூடு ரெண்டு நேரம் சொன்னால், எது பொய் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அதுதான் அண்ணை சிக்கலே. தெரியாது."

"அப்ப மூண்டாவது ஒண்டைக் கேளுமன்."

இந்தச் சொல்தான் வினையாகியது. அரியநாயகம் அழைப்பு மணியின் ட்ரான்ஸ்போமரைக் கழற்றி, வீட்டுக் கரண்டின் துடிப்பை எண்ணும் மூன்றாவது மணிக்கூடு ஒன்றைச் செய்து பூட்டினான். தீவகத்துக்கு வரும் கரண்டு ஒரு நேரம் ஓடி வரும், ஒரு நேரம் நொண்டி வரும். மூன்று மணிக்கூடுகளும் மூன்று நேரம் காட்டின. கேர்னல் மூன்றையுமே நம்ப வேண்டாம் என்று விடாமல் கத்தியது. வாசலில் மணி அடிக்காததால் அயல்வீட்டு நல்லம்மா மாமி படலையில் அரை நாள் நின்று கூப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு போனாள்.

"ஒரு மணிக்கூடும் இல்லாமல் எங்கட ஐயா அறுபது வருஷம் தோட்டம் செய்தவர்," என்றாள் கமலாதேவி.

வியாழக்கிழமை அரியநாயகம் மானம் கெட்ட ஒரு காரியம் செய்தான். இரண்டு மணித்தியால வித்தியாசம் வரையில் பொறுத்துக்கொள் என்று கேர்னலுக்குக் கட்டளை எழுதினான். அன்றைக்கு மெசின் வாயே திறக்கவில்லை. வீடு அமைதியாகியது. யாகப்பு பற்றறியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

"என்னப்பா, சுகம் வந்திட்டுதோ?" என்று கேட்டாள் கமலாதேவி.

"இல்லை. வாயைக் கட்டிப்போட்டன்."

"கள்ளன் வந்தாலும் குலைக்காத நாயை அந்தப் பேராசிரியருக்குக் காட்டப்போறியளோ?"

அது சுருக்கென்று தைத்தது. அவன் இரண்டு வருடம் கண் எரிய எழுதிய கேர்னல் அது. அதை ஊமையாக்கி வேலை வாங்குவதைவிட வாங்காமலே இருக்கலாம் என்று தோன்றியது. வெள்ளி காலை குளித்துவிட்டு வந்து முதல் வேலையாக அந்தக் கட்டளையை அழித்தான். மூன்றாவது மணிக்கூட்டையும் பிடுங்கினான். இனி ஆண்டவன் விட்ட வழி என்று நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டான்.

பேராசிரியர் வைத்திலிங்கம் பத்து மணிபோல வந்தார். மெலிந்த மனிதர்; அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். கேட்டதற்கெல்லாம் கேர்னல் ஒழுங்காகப் பதில் சொல்லியது. மணிக்கூடுகளை ஒப்பிடும் பகுதியை வரி வரியாக வாசித்துவிட்டு, "நல்லாய் எழுதியிருக்கிறீர் ஐசே," என்றார்.

அரியநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது. விரிவுரை மண்டபத்தில் வெண்கட்டியோடு தான் நிற்பதைக்கூட ஒரு கணம் கண்டுவிட்டான்.

"அம்மா ஐயாவையும் தேத்தண்ணிக்குக் கூப்பிடட்டாம்," என்று கமலாதேவி கதவடியில் வந்து சொன்னாள்.

விறாந்தையில் வடையும் இதரை வாழைப்பழமும் இருந்தன. பேராசிரியர் இரண்டாவது வடையை ருசித்துக்கொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

'பீப்.'

பேராசிரியர் வடையோடு எழுந்து போய்த் திரையைப் பார்த்தார். ஒன்றரை மணித்தியாலம் முன்னுக்கு. கமலாதேவி திருப்புளியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூடியைக் கழற்றினார்கள். பற்றறியை அளந்தார்கள். ஒவ்வொரு சிப்பையும் அழுத்திப் பார்த்தார்கள். எல்லாமே தங்கம்போல இருந்தன.

"இப்பிடி முந்தியும் கத்தினதோ?" என்று கேட்டார் பேராசிரியர்.

பொய் சொல்ல அரியநாயகத்துக்கு மனம் வரவில்லை. "ஒவ்வொரு நாளும், சேர்."

"காரணம்?"

"தெரியாது, சேர்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "மணிக்கூட்டிலை ஒரு பிழையும் இல்லை. அப்ப பிழை உம்மட கேர்னலிலைதான். சும்மா சும்மா கத்துற காவல்காரனை நம்பி நான் என்னெண்டு உம்மைக் கம்பசுக்கு எடுக்கிறது? குறை நினையாதையும்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். அரியநாயகம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று வருடக் காத்திருப்பு படலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கமலாதேவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து செல்லாச்சி, மகளைப் பார்த்து, படலை வரைக்கும் கேட்கும் வகுப்பறைக் குரலில் சொன்னார்:

"பிள்ளை, அந்த ஐயாவைப் போக வேண்டாம் எண்டு சொல்லு, மிசின் ஒருநாளும் பொய் சொல்லேல்லை; ராகுகாலத்திலை உன்ரை மனிசன் வேலை செய்யிறார் எண்டு, அது முடியுமட்டும் ஒவ்வொரு நாளும் நான்தான் மிசின்ரை நேரத்தை முன்னுக்குத் தள்ளி வைக்கிறனான்."