சலூனா, அலுமாரியா?

கண்டியில் ஒரு தீர்மானமும் எடுக்காமலே அறுபது வயதை எட்டிய ஒரே மனிதர் ட்ரயல் நானாதான். கல்யாணத்தைக்கூட அவருடைய வாப்பாதான் தீர்மானித்தாராம். கடைக்கு என்ன பெயர் வைப்பது என்று இருபத்தைந்து வருடங்களாக யோசித்துக்கொண்டிருந்ததால் பெயர்ப்பலகையில் "ஸ்டூடியோ" என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் இடம் காலியாகவே கிடந்தது.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், தையல் கடைக்கு மேல்மாடியில் அந்தப் போட்டோ ஸ்டூடியோ. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்த நான் அதற்கு அடுத்த அறையில் நான்கு வருடம் குடியிருந்தேன். கந்தோரில் வேலை முடித்து வந்ததும் நானாவோடு ஒரு பிளேன்டீ குடிக்காவிட்டால் எனக்குத் தலையிடிக்கும். குடித்தாலும் இடிக்கும். ஏனென்றால் நானா அந்தக் கேள்வியைத் தொடங்கிவிடுவார்.

"தம்பி, சலூனா, அலுமாரியா?"

சலூன் என்றால் படத்தைத் திருத்தும் சொஃப்ட்வெயர். அலுமாரி என்றால் படங்களை அடுக்கி வைத்துக் கேட்டதும் எடுத்துத் தரும் சொஃப்ட்வெயர். பெயர்கள் நானா வைத்தவை.

"சலூனுக்குப் போனா ஆள் அழகாகும். ஆனா அந்த ஆள் எங்க ஈக்கிறாருன்னு சலூனுக்குத் தெரியா. அலுமாரிக்கு அது தெரியும். ஆனா முடி வெட்டத் தெரியா. நான் என்ன செய்ற?"

"ரெண்டையும் வாங்குங்கோவன் நானா."

"லெப்டொப் தாங்காது தம்பி. ரெண்டையும் ஒண்ணாத் தொறந்தா அது மேல முட்ட பொரிக்கலாம்."

ஆகவே ஒரு மாதம் சலூன், ஒரு மாதம் அலுமாரி. இரண்டுமே முப்பது நாள் இலவச ட்ரயல். முப்பது நாள் முடிந்தால் புதிய மின்னஞ்சல் முகவரி. அவருடைய முகவரி முடிந்து, மனைவியுடையது முடிந்து, மருமகன்கள் மூவருடையதும் முடிந்து, கடைசியில் என்னுடையதில் வந்து நின்றது. ஒரு கல்யாணப் படம்கூட எடுத்திராத எனக்கு, "அன்புள்ள புகைப்படக் கலைஞரே" என்று வெளிநாட்டிலிருந்து கடிதம் வரத் தொடங்கியது.

சலூன் மாதங்களில் ஊரே வெளுக்கும். ஒரு முறை கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு பாடசாலை அதிபர் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். நானா அவருடைய கன்னத்து மறுவை எடுத்தார். மறுவுக்குத் துணையாக இருந்த சுருக்கங்களையும் எடுத்தார். எடுக்கும் கை நிற்காமல் பாதி வழுக்கையையும் மூடிவிட்டார். படத்தோடு அடையாள அட்டைக் கந்தோருக்குப் போன அதிபரை, "மகன்தான் நேரில வரணும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

அலுமாரி மாதங்களில் வேறு கூத்து. ஒவ்வொரு படத்துக்கும் குறிச்சொல் போட வேண்டும். வேறு யாராவது என்றால் மணமகன், மணமகள் என்று போட்டுவிட்டு எழும்புவார்கள். நானா போட்டவை: "கண் மூடினவர்", "கோவத்தில மாமா", "பந்திக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறவங்க", "வாளி", "அடுத்தவன்ட செருப்பு". முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதி ஒன்றும் அதில் உண்டு. "இவர்தானே அவர்?" என்று அது கேட்கும், நாம் ஆம், இல்லை சொல்ல வேண்டும். அது ஒரு நாள் என் முகத்தையும், ஏதோ கல்யாண வீட்டு வாசலில் வைத்திருந்த பலாப்பழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டது. டீ ஊற்றிக்கொண்டிருந்த நானா பார்க்காமலே "ஆம்" அமத்திவிட்டார். அன்றிலிருந்து என் பெயரைத் தேடினால் முதலில் பலாப்பழம்தான் வரும். எத்தனையோ முறை சொல்லியும் மனுசன் திருத்தவில்லை.

இந்தக் குறிச்சொல் வேலையில் ஆல்பங்கள் பிந்தும். பன்வில தோட்டத்து மாலாவின் கல்யாண ஆல்பம் கையில் கிடைத்தபோது அவளுடைய பிள்ளைக்கு மூன்று மாதம். அதையும் பொறுத்துக்கொண்ட மாலா, பிறகு ஒரு நாள் கண் கலங்கிக்கொண்டு படியேறி வந்தாள்.

"நானா, ஆல்பத்துல எங்கண்ணே ஒரு படத்துலகூட இல்ல. அப்பா இல்லாத ஊட்ல கல்யாணத்த நடத்தி வச்சதே அவருதான். 'அப்ப நான் ஒனக்கு ஆரு?'ன்னு கேக்குறாரு. வார ஞாயித்துக்கெழம புள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமே மடியில வச்சுத்தான் குத்தணும். அவரு வரமாட்டேன்னுட்டாரு."

"அழாதீங்க மகள். நாளைக்கு வாங்க, தாறேன்" என்றார் நானா.

அது சலூன் மாதம். மாலாவின் ஃபோனிலிருந்து அண்ணன் குமாரின் முகத்தை எடுத்தார். யாரோ ஒருவருடைய உடம்பை எடுத்தார். இரண்டையும் பொருத்தி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கையை மாப்பிள்ளையின் தோளில் போடவைத்தார். நிழல்கூட விழுந்தது. "அருமை நானா!" என்று நானும் சொன்னேன். எனக்கு அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

மாலா படத்தைக் கொண்டுபோன மறுநாள் காலை குமாரே வந்துவிட்டார். வெயிலில் கறுத்த, மெலிந்த மனிதர். சத்தம் போடவில்லை. படத்தை மேசையில் வைத்தார்.

"நானா, இதுல நான் கோட்டு போட்டுருக்கேன். எனக்குக் கோட்டே கெடையாது. அன்னைக்கு நான் அங்க இருந்தேனா, இல்லியா? இருந்தேன்னா எதுக்கு ஒட்டுறீங்க?"

நானா அந்தப் படத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"இரிங்க மகன்" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். சலூனை மூடினார். என் மின்னஞ்சலில் அலுமாரியைத் திறந்தார். திறந்தால் எல்லாப் படத்தின் மேலும் கேள்விக்குறி.

"என்ன நானா, அழிச்சுப் போட்டியளோ?"

"இல்ல தம்பி. போன கெழம டிஸ்க்க எல்லாம் கொஞ்சம் ஒழுங்கு படுத்தின."

அலுமாரிக்குச் சொல்லாமல் படங்களை இடம் மாற்றினால் அதற்கு வழி தெரியாமல் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. தேதி வாரியாக இருந்தவற்றை நானா தூர வாரியாக மாற்றியிருந்தார். மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கல்யாண வீடு எத்தனை மைலோ, அதுதான் படங்கள் கிடக்கும் கோவையின், அதாவது ஃபோல்டரின், பெயர்.

"நாள் மறந்து போகும் தம்பி. போன தூரம் காலுக்கு ஞாபகம் ஈக்கும்."

"அப்ப பன்வில எத்தினை மைல்?"

"அது போற வழியப் பொறுத்தது."

எனக்கு வந்த கோபத்துக்கு லெப்டொப்பைத் தூக்கி மார்க்கெட்டுக்குள் எறிந்திருப்பேன். குமார்தான் மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு வத்தேகம ரோட்டுல மரம் விழுந்து கெடந்துச்சு. சுத்திப் போனோம். நான்தானே நானா ஒங்க வேன்ல முன்னுக்கு உக்காந்து வழி காட்டுனேன்?"

நானா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மைலைக் கூட்டிக் கோவையைக் கண்டுபிடித்தார். கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. "அண்ணன்" என்று தேடினார், இல்லை. "குமார்" இல்லை. முகம் தேடும் வசதி மூன்று பேரைக் காட்டியது, மூவரும் ஐயர்கள்.

"நீங்கள் அண்டைக்கு என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"சோறு போட்டேன். வேற என்ன செய்ய?"

நானா "வாளி" என்று தட்டினார்.

வரிசையாக வந்தன. பந்திப் படத்தின் ஓரத்தில் வாளி பிடித்த கை. பூமாலைக்குப் பின்னால் ஒரு முழங்கை. மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கும் படத்தில் அவர்களுக்குப் பின்னால் குனிந்து இலை எடுக்கும் முதுகு. குமார் இல்லாத படமே அங்கு இல்லை, அவருடைய முகம்தான் எதிலும் இல்லை. கடைசிப் படத்தில் மாலா வேனில் ஏறுகிறாள், எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். வேனின் பின்பக்கம், காலுக்குக் கீழே வெறும் வாளியை வைத்துவிட்டு, தோளில் கிடந்த துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிற ஒருவர்.

குமார் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"கொஞ்சம் வெளிச்சம் போட்டுத் தரவா மகன்?" என்று நானா கேட்டார்.

"வேணாம் நானா. அப்பிடியே குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை நானும் நானாவும் பன்விலவுக்குப் போனோம். குமார் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். நானா அவரை முன்னால், பக்கத்தில், கிட்டத்தில், தூரத்தில் என்று எடுத்துத் தள்ளினார். பிள்ளையின் தகப்பனைப் படத்தில் எடுக்கவே மறந்துவிட்டார். ஊசியோடு காத்திருந்த ஆசாரி, "மாமன் காதையும் சேத்துக் குத்திடவா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை நானா தன் வாழ்க்கையின் முதல் தீர்மானத்தை எடுத்தார். அலுமாரியைச் சொந்தப் பெயரில் வாங்கினார். வாங்கிய கையோடு "ஓரத்தில நிக்கிறவங்க" என்று புதுக் குறிச்சொல் போட்டு, பழைய படங்களை எல்லாம் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார். அதனால் ஆல்பங்கள் இன்னும் பிந்தின.

போன வருடம் எனக்கு யாழ்ப்பாணத்துக்கே மாற்றம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்ட் வரை வந்த நானா என் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவைப் போட்டார். "ஊருக்குப் போய்ப் பாருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து திறந்தேன். நான்கு வருடமும் நானா எனக்கென்று ஒரு படம் எடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அதற்குள் முழுக்க நான்தான். யாரோ ஒரு சோடி வாவிக்கரையில் கைகோத்து நிற்க, பின்னால் குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறேன். யாரோ ஒருவருடைய பிறந்தநாளில் கேக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பன்விலவில் காது குத்தும்போது பிள்ளையை விடப் பயந்துபோய்க் கண்ணை மூடியிருக்கிறேன். அந்த ஊரில் என்னை ஒருவரும் கவனிக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாவது படம் பலாப்பழம். அதை நான் அழிக்கவில்லை, இனி அழிக்கவும் மாட்டேன்.