அகச்சிவப்பு ஃபிலிமும் அக்கா வீட்டு விசேஷமும்

இருட்டில்தான் திறக்க வேண்டும். குளிரில்தான் தூங்க வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அதற்குத் தெரியும். அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்!

ஆந்தை என்றால் தப்பு. குல்ஃபி என்றாலும் தப்பு. விடை, சிங்காநல்லூரில் தேவானந்தத்தின் வீட்டு ஃபிரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு சுருள் அகச்சிவப்பு ஃபிலிம். போட்டோக் கடை சிக்கந்தர் மூன்று மாதம் அலைந்து வரவழைத்த ஒரே சுருள்.

அது 1997 ஏப்ரல். பொழுது சாய்ந்ததும் மேற்கே ஹேல்-பாப் வால்நட்சத்திரம் வந்து நிற்கும். தேவானந்தத்துக்கோ மில்லில் மாலை ஷிஃப்ட். ஞாயிறு ஒன்றுதான் லீவு. இந்த ஞாயிறை விட்டால், அடுத்த ஞாயிறு நிலா வந்து வானத்தை வெளுத்துவிடும். ஆக, வால்நட்சத்திரத்தை அந்தச் சுருளில் படம் எடுக்க ஒரே ஒரு மாலைதான். இந்த ஞாயிறு பார்த்து, கருமத்தம்பட்டியில் மனைவி கிளாடிஸின் அக்கா மகனுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் விசேஷம்!

போவதில்லை என்று முடிவு செய்தார். முடிவு சிங்கம் போலத்தான் இருந்தது. சொன்ன குரல்தான் பூனை.

“ஏன் அம்மணி, இந்த ஃபிலிம் ஃபிரிட்ஜை உட்டு வெளிய வந்தா கெட்டுப்போயிரும். பஸ்ஸுச் சூடு ஆகவே ஆகாது. அதைத் தனியா உட்டுட்டு நான் எப்படி வாரது?”

“அது என்ன கைக்கொழந்தைங்களா?”

“அதைவிட மோசம்!”

“செரிங்க. நீங்க ஊட்டுலயே இருங்க.”

இவ்வளவு சுலபமா! ஞாயிறு காலை விசிலடித்தபடி ஃபிரிட்ஜைத் திறந்தார். இட்லி மாவு இருந்தது. ஃபிலிம் இல்லை.

வாசலில் கிளாடிஸ், பட்டுப்புடவையும் ஃபிளாஸ்க்குமாக.

“ஐஸ் போட்டு இதுல வெச்சுட்டனுங்க. ஃபிலிம் எங்கூட வருது. நீங்க ரெஸ்ட் எடுங்க.”

பட்டனை மாற்றிப் போட்டபடி கேமராவோடு ஓடிப் பஸ் ஏறினார் தேவானந்தம். ஃபிளாஸ்க்குக்கு ஜன்னலோர மடி கிடைத்தது. ஏழு வயது மகள் இளவேனில் நின்றுகொண்டு வந்தாள்.

கருமத்தம்பட்டியில் அக்கா ஜெபமணி எதிர்கொண்டாள். “வாங்க தம்பி! போட்டோகிராபரே வேண்டாம், எங்கூட்டுக்காரரு வாராருன்னு கிளாடிஸ் போன வாரமே சொல்லிப்போட்டாளே!”

போன வாரமேவா? திரும்பிப் பார்த்தார். கிளாடிஸ் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அப்போதும் அவர் தளரவில்லை. இந்த ஃபிலிமில் முகமெல்லாம் வெளிறிப் பேயாக வரும். ஐந்தே ஐந்து எடுப்போம். அப்புறம் ஜென்மத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். தறிக்குடோனுக்குள் கதவைச் சாத்தி, கம்பளிக்குள் புகுந்து ஃபிலிமை மாட்டினார்.

“ஏனுங்க, அத்தைமாருக நிக்கறாங்க. ஒண்ணே ஒண்ணு,” என்றாள் கிளாடிஸ்.

“ஏனுங்க, இந்தப் பக்கம் சித்தப்பா.”

ஐந்து பதினைந்தானது. பொழுது சாய்ந்து வால்நட்சத்திரம் தலைகாட்டியபோது, முப்பத்தாறில் பாக்கி ஒன்று.

அந்த ஒன்றில் வால்நட்சத்திரத்தை எடுத்தார். சுருள் கழுவி வந்தது. சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்த தடம் போல ஒரு வால்நட்சத்திரம். சொந்தக்காரர்களோ, பரு இல்லை, தழும்பு இல்லை, பனியில் செதுக்கியது போலப் பளபளத்தார்கள்.

ஜெபமணி போன் செய்தாள். “தம்பி, எம்பட மூஞ்சியில ஒரு கரும்புள்ளி காணோமுங்க! நாத்தனார் ஊட்டுக் கல்யாணத்துக்கும் நீங்கதான்!”

“செரின்னு நான் அப்பவே சொல்லிப்போட்டனுங்க,” என்றாள் கிளாடிஸ். “செவுத்துல ஒரு படத்துக்குத்தான் எடம். எதை மாட்டறதுன்னு பாப்பாவே எடுக்கட்டும்.”

பெரியம்மா ஜெபமணியின் படத்தையும் வால்நட்சத்திரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

இளவேனில் வால்நட்சத்திரத்தை எடுத்தாள். தேவானந்தத்தின் நெஞ்சு விம்மியது.

அவள் படத்தைத் திருப்பி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் ஒரு வாத்து வரைந்தாள்.