டீ நேரத்தில் செத்துப்போனேன்

எனக்கு ஒரு முறை செத்துப்போன அனுபவம் உண்டு. நெருப்பெரிச்சல் என்ற எங்கள் ஊரில், எங்கள் பனியன் கம்பெனியில், சாயங்கால டீ நேரத்தில்.

என் வீட்டுக்காரர் சாயம் போடும் டையிங் பட்டறையிலிருந்து துணி எடுத்து வரப் போய், லாரி மோதி, திரும்பாமலே போனவர். மகள் நிலாவுக்கு அப்போது ஏழு வயது, மகன் கதிருக்கு நாலு. எனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் இதுகள் யார் கைக்குப் போகும்? அந்த நினைப்பு வந்தால் சோறு இறங்காது. உயில் எழுத வக்கீலிடம் போனேன். பிள்ளைகளுக்குப் பொறுப்பு யார் என்று அவர் கேட்டதும் ஓவென்று அழுது தொலைத்தேன்.

"மனசுல இருக்கறத போன்ல பேசிப் பதிவு பண்ணி அனுப்புங்கம்மா. நான் எழுதிக்கறனுங்க" என்றார், பாவம்.

வீட்டில் பேசினால் பிள்ளைகள் காதில் விழும். அதனால் கம்பெனியில், டீக்கு மிஷின்கள் நின்றதும், தையல் ஹாலில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டுத் துணி ரூமுக்குள் புகுந்தேன். பிள்ளைகளைக் கம்பெனியில் இறக்கிவிடும் பள்ளி வேன் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு. வெளியே சத்தம் போகாமலிருக்க வெள்ளைப் பனியன் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டேன். (என்ன ஒரு முன்ஜாக்கிரதை!) வக்கீலிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளைகளிடமே சொல்வதுபோல் பேசி முடித்தேன்.

பதிவாகியிருக்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். போனில் சத்தமே இல்லை. சத்தத்தை முழுசாக ஏற்றினேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் பேசினாள்.

"கண்ணுகளா, இதக் கேக்கறப்ப அம்மா உசுரோட இருக்க மாட்டேன்..."

என் குரல். நான் மூக்கை உறிஞ்சும் அதே சத்தம். சத்தியமாகச் சொல்கிறேன், நான் செத்துவிட்டேன், யாரும் எனக்குச் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். கையைக் கிள்ளினேன். வலிக்கவில்லை. (கையை மடக்கி உட்கார்ந்ததில் மரத்துப்போயிருந்தது.) பாட்டுக்காக என் போனை ஹால் ஸ்பீக்கரோடு புளூடூத்தில் கோத்தவளே நான்தான். இந்த மரமண்டைக்கு அது ஞாபகம் வரவே இல்லை.

"கதிரு தூங்கறப்ப காதத் தடவி உடோணும். பெருமாநல்லூர்ச் சித்தி ஊட்டுலயே இருந்துக்கோங்க, சாமி..."

ஹாலில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன், போர்த்திய வெள்ளைத் துணியோடு.

"அய்யோ, அக்கா வந்துட்டாங்க!" டெய்லர் பழனியம்மாள் அலறிக்கொண்டு மேஜைக்கடியில் புகுந்தார். ஸ்பீக்கர் மட்டும் நிதானமாக, "அம்மாளத் தேடாதீங்க" என்றது. வாசலில், முதுகில் பையோடு, என் பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

நிலா மெதுவாக வந்து துணியை விலக்கினாள். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சூடாத்தாண்டா இருக்குது" என்று தம்பியிடம் சொன்னாள்.

அவன் என் காலைக் கட்டிக்கொண்டான். "சித்தி ஊட்டுக்கு நீயும் வா."

அங்கேயே தரையில் உட்கார்ந்து மூன்று பேரும் அழுதோம்.

மறுவாரம் உயிலைப் பதிவு செய்தேன். சாட்சிக்கு இரண்டு பேர் போதும் என்றார் வக்கீல். கம்பெனியே கிளம்பி வந்துவிட்டது.

இன்றும் ஹாலில் பாட்டு நின்றால் பழனியம்மாள் குரல் கொடுப்பார்: "அக்கா, இருக்கறீங்ளா?" நான் "இருக்கறனுங்க!" என்றதும் எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டில் கரண்ட் போனாலும் இதே கூத்துதான். இருட்டுக்குள்ளிருந்து இரண்டு குரல்கள்: "அம்மா, இருக்கறயா?"

விளையாட்டுதான். ஆனாலும், "இருக்கறேன் சாமி" என்று நான் சொல்லும்வரை இரண்டும் மூச்சு விடுவதில்லை.