லெனாட் சுவர் பொதிந்த பெரும்போர்

கீபோட்டின் கட்டைகளைக் கண்மூடித் தொட்டு மெய்சிலிர்க்கவைக்கும் விரல்வேந்தனும், குருநகர்க் கோயில் பாடகர் குழுவின் ஒப்பற்ற தளபதியுமாகிய லெனாட்டை முதற்கண் வணங்குகின்றோம். உப்புக்காற்றே, சற்று எங்கள் நாவில் வந்து குந்து. அவ்வீரன் தன் வீட்டுப் பின்னறையை ஒலிப்பதிவுக் கூடமாக்கப் பூண்ட போரை ஒரு சொல்லும் குறையாமல் பாட வேண்டியிருக்கிறது.

போர் மூண்டது பக்கத்து வளவினால். அங்கே வின்சன்ற் என்னும் எஞ்சின் திருத்தும் பராக்கிரமசாலி, விடிந்தது முதல் பொழுதுபடும்வரை படகு எஞ்சின்களை உறுமவைத்து, லெனாட் பதிந்த பாட்டுக்கு எல்லாம் கேளாமலே முரசறைந்துவந்தான். லெனாட்டோ பெருநாள் பாட்டைச் சனிக்கிழமை பதிந்து தருவதாகப் பங்குச்சுவாமியிடம் வாக்குரைத்துவிட்டான். வாக்குத் தவறினால் பாட்டு பட்டணத்து ஸ்ரூடியோவுக்குப் போய்விடும். அந்த அவமானத்தோடு இனிக் கோயில் வாசற்படி மிதிப்பதெப்படி என்பதே அவன் கவலை.

ஆகவே முதல்நாள், கறுத்த ஸ்பொஞ்ச் தகடுகளை ஓட்டோ நிறைய ஏற்றிவந்து முற்றத்தில் இறக்கி, நெஞ்சு நிமிர்த்தி முழங்கினான்: “நாலு சுவரையும் உதாலை மூடுறன். பிறகு உவன் கப்பல் எஞ்சினே போட்டாலும் எனக்குக் கேளாது.”

முற்றத்தில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தாள் அவன் மனைவி ஜெசிதா. வெட்டிய நைலோன் நூலின் நுனி பிரியாமலிருக்க மெழுகுதிரியில் கருக்குவது அவள் தொழில். எது எப்படி உருகும், எது விரலைச் சுடும் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். ஸ்பொஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளி அதே சுடரில் பிடித்தாள். அந்தோ, அது குப்பென்று பற்றிக் கரும்புகை கக்கி, சொட்டுச் சொட்டாய் உருகி, சீமெந்தில் விழுந்த பிறகும் நின்று எரிந்தது.

“அந்தச் சுவருக்கு அங்காலை எங்கடை பிள்ளை படுக்கிறாள்” என்றாள் ஜெசிதா. “எரியிற சாமான் ஒண்டும் இந்த வீட்டிலை ஏறாது. இப்பவே சொல்லிப்போட்டன்.”

இரண்டு வயது ஜெனிஸ்ராவின் கட்டில் உண்மையிலேயே அச்சுவரோடு ஒட்டித்தான் கிடந்தது. லெனாட்டுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சீமெந்தில் எரிந்த சொட்டைப் பார்த்தான். பயந்தான் என்று எழுத வீரகாவியம் இடந்தராது, ஆனால் நன்றாகவே பயந்தான்.

மறுநாள் றெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப்பலகைகளோடு வந்தான். வலைக்கு மிதவையாய்க் கட்டி ஆண்டாண்டாய் நம்பிய சாமான், கடலிலேயே தோற்காதது சுவரிலா தோற்கும் என்பது அம்மீனவர்குலத் தோன்றலின் கணக்கு. தோற்றது. சுடர் கிட்டப் போகுமுன்பே வெட்கப்பட்டவர்போல் சுருங்கி, பிறகு எரிந்தது. பேக்கரியில் இரந்து சேர்த்த இருநூறு முட்டைத் தட்டுகளின் கதையைக் கேட்கவே வேண்டாம், கடதாசி கடதாசிதானே.

மூன்றாம் நாள், தன்னால்தான் இத்தனை பாடு என்று அறியாத வின்சன்ற், உடைந்த கொட்டிலின் பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றுகளைத் தோளில் சுமந்து மதிலோரம் தோன்றினான். “லெனாட், உது எரியவே எரியாது. வெட்டி அடி.” பகைவனே படைக்கலம் ஈந்த அவ்வதிசயத்தில் மகிழ்ந்த நம் வீரன் வாளை, அதாவது மரமரியும் வாளை, ஓங்கினான்.

“வையுங்கோ அதை” என்றாள் ஜெசிதா. “எரியாதுதான். அரிஞ்சால் வாற தூசி நெஞ்சுக்குள்ளை போய் இருந்துடுமாம். பிள்ளை அதையோ இழுக்கிறது?” வாள் தாழ்ந்தது. நல்ல மனதோடு வந்த வின்சன்ற் அதே மனதோடு திரும்பிப் போனான்.

நான்காம் நாள், மனமொடிந்த லெனாட் ஹாட்வெயார்க் கடையில் இரண்டு துண்டு மட்டும் கேட்டு வாங்கிவந்தான்: ஜிப்சம் போட் பலகை ஒன்று, கல்லை உருக்கிப் பஞ்சாக்கிய றொக்வூல் ஒன்று. ஜெசிதா சுடர் பிடித்தாள். மெழுகு பாதி கரைந்தது. ஜிப்சத்தின் முகக்கடதாசி மட்டும் கருகியது, பஞ்சு கறுத்ததோடு சரி. “உது காணும், ஏத்துங்கோ” என்று அவள் சுடரை ஊதியபோது, லெனாட்டுக்கு மாலை போட்டதுபோலிருந்தது. அவ்வளவுதான், மிச்சத்தையும் ஏற்றிவந்து, முகமூடி கட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, பஞ்சுத்தூள் அரித்த கழுத்தைச் சொறிந்து சொறிந்து, பஞ்சை வைத்து அதன்மேல் இரட்டைப் பலகை அறைந்து, கூரையையும் கதவையும் விடாமல் பொதிந்து, வெள்ளி பின்னேரம் வெற்றிக்கொடி நாட்டினான்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பாடகர் குழு பன்னிரண்டு பேரும் பாட்டுக்கொப்பிகளோடு அணிவகுத்து வந்தனர். பக்கத்து வளவில் எஞ்சின் வானதிர முழங்கியது. “உள்ளை வாருங்கோ, ஒரு ஊசிச் சத்தம் கேளாது” என்று சூளுரைத்துக் கதவைத் திறந்த லெனாட், படியிலேயே நின்றான்.

மைக்குக்குக் கீழே, பாயில், ஜெனிஸ்ரா வாயைத் திறந்தபடி அயர்ந்து கிடந்தாள். அந்த எஞ்சினால் மாதக்கணக்காய்ப் பகல் நித்திரை அறியாத பிள்ளை. பக்கத்தில் இருந்த ஜெசிதா விரலை உதட்டில் வைத்தாள். பங்குச்சுவாமிக்குக் கொடுத்த வாக்கும், பட்டணத்து ஸ்ரூடியோவும், அத்தனை நாள் பெரும்போரும் லெனாட்டின் கண்முன் ஒருகணம் வரிசைகட்டி நின்றன. கதவை ஓசைப்படாமல் சாத்தி, தன் சேனையை நோக்கித் திரும்பி, ஆணையிட்டான்: “ஒருத்தரும் மூச்சு விடாதேங்கோ. பிள்ளை நித்திரை.”

பாடகர் குழு முற்றத்தில் குந்தி, பால் விடாத பிளேன்ரீ குடித்தது.