கேள்வி ஐயாவுக்கு ஒரு சட்டி கஞ்சி

பசியோடு வரிசையில் நிற்பவரிடம், "உங்கள் பாட்டனாருக்கு எதற்கெல்லாம் கோபம் வரும்?" என்று கேட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ராசிபுரம் கஞ்சித்தொட்டிக்கு அதிகாரியாக வந்து சேர்ந்தது எங்கள் தலையெழுத்து.

யுத்த காலம். நூல் வரத்து நின்றுபோய்த் தெருத் தெருவாகத் தறிகள் சும்மா கிடந்தன. நான் கஞ்சி ஊற்றுகிறவன். அவரோ ஏழைகளுக்கு உதவுவது எப்படி என்பதைப் பம்பாயில் பாடமாகவே படித்தவர்; அந்த இங்கிலீஷ் பாடப் புத்தகம் எப்போதும் அவர் கக்கத்தில் இருக்கும். "ஒவ்வொரு மனிதரும் தனி. அவரை அறிந்துகொள்ளாமல் கரண்டியைத் தொடாதீர்கள்" என்றார். நான் தொடவில்லை. ஆளுக்கு நாற்பது கேள்வி. பத்தாவது கேள்வியில் கஞ்சி ஆறும், இருபதாவதில் ஆடை கட்டும். ஜனங்கள் அவருக்குக் கேள்வி ஐயா என்று பெயர் வைத்தார்கள்.

பாவாயி வீட்டில் மட்டும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. புருஷன் கோயமுத்தூருக்கு வேலை தேடிப் போனவன்; தகவல் இல்லை. இவளிடம் நூல் இருக்கிறது போலும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். கேள்வி ஐயா ஒருவர்தான் எட்டிப் பார்த்தார். தறியில் ஓர் இழைகூட இல்லை. அக்கம்பக்கத்துக்குத் தன் நிலை தெரியக் கூடாதென்று வெறும் தறியை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சட்டி கொண்டுபோய் ஊத்திட்டு வந்தர்றனுங்க" என்றேன்.

"கூடாது. கேட்காதவருக்குக் கொடுத்தால் அவர் தன்மானம் கெடும். மூன்றாம் அத்தியாயம்."

"அத்தியாயம் முடியறதுக்குள்ள அந்தம்மா முடிஞ்சுருமுங்க!"

அவர் அசையவில்லை. அவளாகக் கேட்கும்வரை காத்திருப்பதாகச் சொல்லி, அவள் வாசலில் போய் உட்கார்ந்தார். அவள் சாப்பிடாமல் தானும் சாப்பிடுவதில்லை என்று வேறு சொல்லிவிட்டார்.

உள்ளிருந்து பாவாயி குரல் கொடுத்தாள்: "எந்திரிச்சு உங்க ஊட்டுக்குப் போங்க சாமி! எனக்கொண்ணும் வேண்டாமுங்க."

"நான் ஒன்றும் தரவில்லையே அம்மா."

இரண்டு நாள் இப்படியே போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புத்தகத்தைத் தூக்கி அடுப்பில் போட்டிருப்பேன். மூன்றாம் நாள் காலையில் தறிச் சத்தம் நின்றது.

சற்று நேரத்தில் பாவாயி கையில் சட்டியோடு என் முன்னால் நின்றாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்திருந்தாள்.

"எனக்கில்லீங்க. என்ற ஊட்டு வாசல்ல ஒரு மனுசன் பட்டினியில சாகப் பாக்கறாரு. அவருக்கு ஊத்துங்க."

ஒரு கேள்விகூடக் கேட்காமல் சட்டி நிறைய ஊற்றி, நானே தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

கேள்வி ஐயா சட்டியைப் பார்த்தார். "பாதி நீங்கள் குடித்தால்தான் நான் குடிப்பேன்."

"இதென்னங்க அக்கப்போரு!" என்றாள் பாவாயி. ஆனால் குடித்தாள்.

அன்று அவள் பெயருக்கு அவர் எழுதிய தாளில் நாற்பது கேள்விக்கும் பதில் இல்லை. அடியில் ஒரே ஒரு வரி: "இவர் எனக்கு உதவி செய்தார்."

பிற்பாடு அந்தப் புத்தகத்தை ஹைஸ்கூல் வாத்தியாரிடம் கொடுத்து மூன்றாம் அத்தியாயத்தைப் படித்துச் சொல்லச் சொன்னேன். கேட்காதவருக்குக் கொடுக்காதே என்று இருந்ததாம். கூடவே பட்டினி கிட என்று எங்கேயும் இல்லையாம். அதைக் கேட்ட அன்று அந்த மனிதர்மேல் எனக்கு வந்த பிரியம் இன்றுவரை ஆறவில்லை.