ஊசி போட்ட வாய்

டீ, தையல்காரரின் வாய்க்குள் போகாமல் இடது ஓரமாக வழிந்து, வெட்டி வைத்திருந்த சட்டைத் துணியில் சொட்டியது.

"என்னங்க, வாய் ஒரு பக்கமா கோணியிருக்கு?" என்றாள் மனைவி.

"பல் டாக்டர் ஊசி போட்டாரு. மயத்துப் போச்சு."

'மரத்து' என்பதுதான் அப்படி வந்தது. மனைவிக்குப் பகீரென்றது. பக்கவாதத்தைப் பற்றி ஆஸ்பத்திரியில் நடந்த கூட்டத்துக்குப் போய் வந்தவள் அவள். வந்த கையோடு உப்பு ஜாடியை ஒளித்து வைத்துவிட்டாள்.

"பிரஷர் இருந்தா வரும்னாங்க."

"எனக்கு ஏது பிரஷர்? மாத்திரை போட்டதும் சரியாயிடுச்சு. அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்."

"சிகரெட்டும் கூடாதாம்."

"துணி வெட்டும்போது மட்டும்தானே பிடிக்கிறேன்."

அவர் காலையிலிருந்து இரவு வரை துணி வெட்டுகிறவர்.

"சிரிங்க பாப்போம்."

பாதி முகம் சிரித்தது. மீதிப் பாதி அந்த விஷயத்தில் தலையிடவில்லை.

"நல்ல ஊசி," என்றார் அவர்.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

வலது கை மேலே போனது. இடது கை பாதியிலேயே இறங்கிவிட்டது.

"பல்லுக்குப் போட்ட ஊசி கைக்கு எப்படிங்க வந்துச்சு?"

"மருந்து மேலேயிருந்து கீழதானே இறங்கும்?"

கையின் வலுவைக் காட்ட இஸ்திரிப் பெட்டியை இடது கையால் தூக்கினார். அது நழுவி வாடிக்கையாளரின் கோட்டில் விழுந்தது. கோட்டு புகைந்தது. அவள் பெட்டியைத் தள்ளிவிட்டு டாக்ஸியைக் கூப்பிட்டாள்.

"சீக்கிரம் போனாதான் கை கால் தப்பிக்குமாம். கிளம்புங்க."

"பக்கவாதம் என்னடி பக்கவாதம். உன் வாதத்தையே தாங்க முடியல. ஊசி போட்டதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடினா சிரிக்க மாட்டாங்களா?"

டாக்ஸி வாசலில் வந்து நின்றது. சிரிப்பார்கள் என்றதும் அவளுக்கும் தயக்கம் வந்துவிட்டது. டாக்ஸியைத் திருப்பி அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பல் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள்.

"வேணாம், அவங்களுக்கு வேலை இருக்கும்," என்று போனைப் பிடுங்க வந்தார். இடது கையால் முயன்றதால் முடியவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்குப் போட்ட ஊசி எப்பம்மா தெளியும்?"

நர்ஸ் கொஞ்சம் யோசித்தாள்.

"அந்த டெய்லர் சாரா? அவருக்கு ஊசியே போடலையேம்மா. ஊசிய எடுத்ததுமே எழுந்து ஓடிட்டாரு."