பெரியதுதான் ஆண்

விவசாய வாத்தியார் அன்று பல் துலக்கும் முன்பே சபதம் செய்துவிட்டார். முயல் வளர்த்தாவது வேலையை நிரந்தரமாக்கிக்கொள்வது! மூன்று வருடமாகத் தற்காலிகம். ஒன்பதாம் வகுப்பின் செயல்முறைப் பாடத்துக்கு ஒரு முயல் பண்ணையை நடத்திக் காட்டினால், ஆய்வு அதிகாரி வந்து கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் இந்த வருடத்தோடு சரி.

பள்ளிக் கொட்டகைக்கு இன்னும் கூரை இல்லை. அதனால் பண்ணை அவர் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. கூண்டு ஒன்று, முயல் இரண்டு, சுவரில் அட்டவணை ஒன்று. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டவணை. ஆறு மணிக்குப் புல்: மனைவி. எட்டு மணிக்குத் தண்ணீர்: மனைவி. கூண்டு கழுவுதல்: மனைவி. மேற்பார்வை: வாத்தியார்.

“நானும் இதே படிப்புதாங்க. இதே காலேஜ்.”

“அதனாலதான் உன்னை நம்பி விடறேன்.”

அவளும் அந்த வேலைக்கு மனு எழுதியவள்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார் அவர். மனு உறையோடு நின்றுபோனது.

பதிவேட்டை மட்டும் அவரே எழுதினார். பெரிய முயல் ஆண், சின்னது பெண்.

“தூக்கிப் பாத்தீங்களா?”

“இதுக்கு எதுக்குத் தூக்கணும்? பெருசா இருக்கறதுதான் ஆம்பளை. உலகம் பூரா அப்படித்தான்.”

“முயலுக்கு இது தெரியுமா?”

“மேற்பார்வையில தலையிடாதே!”

அவள் தலையிடவில்லை. இரண்டையும் தூக்கிப் பார்த்து, இணைசேர விட்டு, பிறகு தனித்தனியாகத் தடுத்து வைத்தாள். சமையலறைக் காலண்டரில் அன்றைய தேதியைப் பென்சிலால் வட்டமிட்டு, அங்கிருந்து முப்பத்தொரு நாள் எண்ணி இன்னொரு வட்டம் போட்டாள். கூண்டுக்குள் ஒரு மரப்பெட்டியும் வைத்தாள்.

நாலு வாரம் கழித்து வாத்தியார் அலறிக்கொண்டு வந்தார்.

“ஆம்பளை முயல் வயித்து முடியை வாயாலயே பிடுங்குது! தோல் நோய்!”

“நோயில்லைங்க. குட்டிக்கு மெத்தை போடுது.”

“ஆம்பளையா?”

“தூக்கிப் பாத்தீங்களான்னு அன்னிக்கே கேட்டேன்.”

அவர் காதில் வாங்கவில்லை. பெட்டியிலிருந்த முடியையெல்லாம் வழித்துக் குப்பையில் போட்டார். ‘நோய் கண்டறிந்து உடனடிச் சிகிச்சை’ என்று பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினார். அவர் பள்ளிக்கூடம் போனதும் அவள் முடியைப் பொறுக்கி, உதறி, மறுபடியும் பெட்டியில் பரப்பினாள்.

இரண்டாவது வட்டத்தன்று அதிகாரி வந்தார். அந்த அம்மாள் நிதானமானவர். பதிவேட்டைப் படித்தார். கூண்டைப் பார்த்தார். மறுபடியும் பதிவேட்டைப் படித்தார்.

“சார், உங்க ஆண் முயல் ஏழு குட்டி போட்டிருக்கு.”

அதிகாரி திரும்பிச் சமையலறைக் காலண்டரைப் பார்த்தார்.

“காலண்டர்ல இந்த வட்டம் போட்டது யாரு?”

“நான்தாங்க,” என்றாள் மனைவி.

“என்ன படிச்சிருக்கீங்க?”

“இவர் படிச்சதேதான்.”

“ஏன் விண்ணப்பிக்கலை?”

அவள் காலண்டருக்குப் பின்னால் கைவிட்டு ஒரு உறையை எடுத்துக் கொடுத்தாள். மனு எழுதிய மையின் நிறம் மங்கியிருந்தது. மேலே தேதி மட்டும் புதிது.

அதிகாரி போனதும் வாத்தியார் பாய்ந்தார். “தெரிஞ்சும் என் பதிவேட்டைத் திருத்தாம விட்டியே! என் பொழப்புடி இது!”

“என் பொழப்பு மூணு வருஷமா காலண்டருக்குப் பின்னாடி கிடந்துச்சு. அப்ப நீங்க எதைத் திருத்துனீங்க?”

அவர் பதிவேட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

புது வருடம் அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் புறப்பட்டாள். வாத்தியார் கூண்டுக்கு முன்னால் புல்லுக்கட்டோடு நின்றார். சுவரில் அதே அட்டவணை. ‘மனைவி’ என்று இருந்த இடமெல்லாம் ‘கணவர்’ ஆகியிருந்தது. ஒவ்வொரு அடித்தலும் ஸ்கேல் வைத்துத்தான்.

“புல்லை உதறிப் போடுங்க,” என்றாள் வாசலிலிருந்து. “சந்தேகம் வந்தா காலண்டரைப் பாருங்க. உங்க பதிவேட்டைப் பாத்துடாதீங்க.”